பறப்பது தின்பதில்லை

மாரி தொடங்கிச் சில கிழமை சென்றதும், விளக்கேற்றும் வேளையில், எமது வீடுகள் பலவற்றில் ஒரு சிறு பூச்சி புறப்படுகின்றது. சாம்பல் கலந்த மண்ணிறம். நீளம் ஒரு விரற்கணுவின் பாதிதான் இருக்கும். பகலெல்லாம் குசினிச் சுவரில் அசையாது ஒட்டிக்கொண்டிருந்து, பொழுதுபட்டதும் வளைந்து வளைந்து பறக்கும். கையில் அகப்பட்டால் நசுங்கிப்போய், விரலில் மாப்போன்ற தூளை மட்டும் விட்டுச் செல்லும். இதனையே எம்மவர் அந்து என்பர். அதனைக் கண்டதும் வீடு முழுவதும் போர்க்கோலம் பூணும். இல்லத்தரசி விளக்குமாற்றை எடுப்பார். பிள்ளைகள் அப்பியாசக் கொப்பியை எடுப்பர். வீட்டுத் தலைவர் பாதி வாசித்த ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு கதிரையின்மேல் ஏறுவார்.

இந்தப் போரிலே வேடிக்கை ஒன்று உண்டு. அடிபட்டு வீழும் அந்து எமது அரிசியில் ஒரு குறுணலைத் தானும் தின்றதில்லை. தானியத்தைக் கடிக்கத்தக்க வாய் அதற்கு இல்லை. கூட்டை விட்டு வெளிவந்த அந்து, தானியம் எதனையும் உண்ணாமலே ஒன்றிரண்டு கிழமை உயிர்வாழ்ந்து, துணை தேடி, முட்டையிட்டு மடிகின்றது. இளமையில் உண்டு சேர்த்த கொழுப்பே அதன் கட்டுச்சோறு. தின்றது புழு. புழுவாயிருந்த காலத்தில் அது எவர் கண்ணிலும் படவில்லை; பேணியின் அடியிலும் சாக்கின் மடிப்பிலும் இருந்தபடி வேண்டியமட்டும் தின்று தீர்த்துவிட்டது. சுவரில் அந்து தோன்றும்போது நாம் காண்பது, களவு முடிந்து வீடு திரும்பும் கள்வனை.

அந்தை அடிப்பது வீண் என்று சொல்ல நாம் வரவில்லை. ஒரு பெண் அந்து 100 தொடக்கம் 300 வரை முட்டை இடவல்லது. முட்டையிடுமுன் ஒன்றை ஒழித்தாலும் அது இலாபமே. ஆனால், அடித்தபின் கையைக் கழுவிவிட்டுப் படுக்கைக்குச் சென்றுவிடுவதே எம்மவர் வழக்கம். அந்த இரவிலேயே அலுமாரியைத் திறந்து, பேணி பேணியாகக் கவிழ்த்துப் பார்ப்பவர் மிகச் சிலர்.

அந்து என்னும் ஒரே பெயரால் நாம் அழைப்பன ஒரே இனத்தன அல்ல. நெல்லைக் கெடுப்பது ஒன்று. அரிசியைக் கெடுப்பது வேறொன்று. நெல்லந்து வைக்கோல் நிறமானது, மிகச் சிறியது. அதன் பின்சிறகின் நுனி சுட்டுவிரல்போல் கூர்ந்து, விளிம்பில் நீண்ட மயிர் படர்ந்திருக்கும். இது களஞ்சியத்துக்கு வந்துதான் நெல்லைத் தேடும் என்பதில்லை. வயலிலே கதிர் முற்றும்போதே மணிகளின்மேல் முட்டையிட்டுவிடுவதும் உண்டு. முட்டையிலிருந்து பொரித்த புழு, தலைமயிர்போன்ற மெல்லிய உடலோடு மணியைத் துளைத்து உள்ளே நுழைகின்றது. பின்னர் அதன் இளமை முழுவதும் அந்த ஒரு மணிக்குள்ளேயே கழிகின்றது. கூட்டுப்புழுவாக உறங்கப்போகுமுன் அது செய்யும் காரியம் வியப்பானது. தான் வெளிவருவதற்கு ஒரு வட்டமான பலகணியை உட்புறமாகவே அரித்து, மெல்லிய தோலொன்றை மட்டும் கதவாக விட்டுவைக்கின்றது. அந்துவுக்குக் கடிக்கும் வாய் இல்லையல்லவா? அந்தக் கதவைத் தலையால் முட்டித் தள்ளிக்கொண்டு அது வெளியேறுகின்றது. அவ்வாறு துளைபட்ட நெல் பார்வைக்கு நெல்லாகவே கிடக்கும். கையில் அள்ளினாற் கனம் இராது. தண்ணீரில் இட்டால் மிதக்கும்.

அரிசியந்தின் புழுவோ வெளியிலே இருந்து தின்பது. குற்றிய அரிசி, குறுணல், குரக்கன், மா, எள்ளு, நிலக்கடலை என்று எதனையும் அது விலக்குவதில்லை. உடைந்த மணியும் தூளும் அதற்கு மிகவும் உகந்தவை. தின்னுமிடமெல்லாம் வாயிலிருந்து பட்டுநூல் போன்ற இழையை விட்டுக்கொண்டே செல்லும். அவ்விழையில் மணிகள் ஒட்டிக் கட்டிபட்டுவிடும். சுளகில் இட்டுப் புடைத்தால் மணிகள் தனித்தனியே துள்ளாது, கோத்த மாலைபோல் தொங்கும். எமது ஆச்சிமார் அதைக் கண்டதும், "அரிசி நூல் கட்டிப்போச்சு, பிள்ளை" என்று சொல்லி வெயிலைப் பார்ப்பார்கள்.

இக்காலத்தில் முந்திரிகை வற்றல், கொட்டைப் பருப்பு, சொக்கலேற்று, காலையுணவுத் தானியம் ஆகியவற்றின் பைகளோடு வந்து சேரும் மூன்றாவது உறவினன் ஒருவனும் உளன். அவன் சிறகின் அடிப்பாகம் வெளிறியும், நுனிப்பாகம் செம்பு நிறமாயும் இருக்கும். ஆங்கிலேயர் இவனை 'இந்திய மா அந்து' என்பர். இந்தியாவின்மீது இப்பழி ஏன் விழுந்தது? 1856ஆம் ஆண்டில், நியூயோர்க் மாநிலப் பூச்சியியலாளராயிருந்த ஏசா பிற்ச் என்பவர் இப்பெயரை வழங்கினார். அங்கே சோளத்தை 'இந்தியரின் தானியம்' என்றும், அதன் மாவை 'இந்திய மா' என்றும் சொல்வது வழக்கம். இந்தியர் என்றது அமெரிக்கப் பழங்குடி மக்களை. கொலம்பசு செய்த பிழையொன்று ஒரு பூச்சியின் முதுகிலும் ஏறி உலகத்தைச் சுற்றிவருகின்றது!

இப்புழுவைப்பற்றி இன்னொன்றும் அறிந்திருத்தல் நலம். கடையில் வாங்கிய பொலித்தீன் உறை திறக்கப்படாமல் இருக்கின்றது. ஆகவே உள்ளே ஒன்றும் புகாது என்று நாம் நம்புகின்றோம். மெல்லிய பொலித்தீனை இப்புழு கடித்துத் துளைக்கும். அரிசியந்தின் புழுவும் அவ்வாறே செய்யும். 2014ஆம் ஆண்டில் சீன விஞ்ஞானிகள், இந்திய மா அந்துப் புழுவின் குடலில் வாழும் சில பற்றீரியங்கள் பொலித்தீனையே மெல்லமெல்லச் சிதைக்க வல்லன என்று ஆராய்ந்து வெளியிட்டனர். குப்பை மேட்டுக்கு அது நற்செய்தியாயிருக்கலாம். குசினிக்கு அன்று.

அந்துவால் ஒரு குடும்பத்துக்கு வரும் நட்டம் இரண்டு கொத்து அரிசியாக இருக்கலாம். ஒரு நாட்டுக்கு வந்தால் என்னாகும் என்பதைப் பிரான்சு தேசம் கண்டது. அங்கே அங்குமுவா என்றொரு மாகாணம். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அம்மாகாணத்துக் கோதுமையை நெல்லந்து சூறையாடிற்று. அரசின் விஞ்ஞானக் கழகம் 1760ஆம் ஆண்டில் துகமேல் து மொன்சோ, தில்லே என்னும் அறிஞர் இருவரை அங்கே அனுப்பிற்று. அவர்கள் பூச்சியின் வாழ்வை ஆராய்ந்து 1762இல் ஒரு நூலே வெளியிட்டனர். நெல்லந்துக்கு இன்றும் ஆங்கிலத்தில் அம்மாகாணத்தின் பெயரே வழங்குகின்றது. அவர்கள் கண்ட பரிகாரங்களுள் முதன்மையானது வெப்பம்: தானியத்தைப் போறணையில் இட்டுச் சூடாக்கினால், மணிக்குள் ஒளித்திருக்கும் புழுவும் மடியும்.

இதைப் படித்தபோது எமது நெற்புழுக்கும் கிடாரம் நினைவுக்கு வந்தது. எமது முன்னோர் நெல்லை அவித்தது அந்துக்காக அன்று. குற்றும்போது அரிசி உடையாதிருத்தல் வேண்டும், சோறு சுவைத்தல் வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். ஆயினும், பாரிசு அறிஞர் போறணையிற் செய்ததை எமது பெண்கள் முற்றத்து அடுப்பிற் செய்துவந்தனர். ஆவி ஏறிய மணிக்குள் எந்தப் புழுவும் பிழைப்பதில்லை. அவித்தபின் புதிதாக முட்டையிடாமற் காத்துக்கொள்வதே மிஞ்சும் வேலை.

பழைய வழக்கங்கள் அனைத்தும் சிறந்தவை என்று தலையில் தூக்கிவைத்து ஆடுவோரும் உளர். எல்லாம் அறியாமை என்று தள்ளுவோரும் உளர். நாம் இரண்டு கூட்டத்திலும் சேரவில்லை. பானை நிறையப் பயற்றை இட்டு, வாயில் வேப்பிலை பரப்பி, அதன்மேற் சாம்பலைக் கொட்டி மூடும் வழக்கத்தை எடுத்துக்கொள்வோம். வேப்பிலையின் மணம் பூச்சியை ஓரளவு விலக்கும். உள்ளே இருக்கும் புழுவைக் கொல்லும் என்று நம்பியிருத்தல் தகாது. உலர்ந்தபின் அந்த மணமும் குறைந்துபோம். ஆனால் சாம்பல் உண்மையான காவல். ஏனெனில் அந்து வண்டைப்போலத் தானியக் குவியலைத் துளைத்து ஆழத்துக்குச் செல்ல வலியற்றது. மென்மையான சிறகுடைய அது மேற்பரப்பிலேதான் முட்டையிடும். நெல்லந்தின் அழிவு குவியலின் மேலடுக்கிலேயே பெரும்பாலும் நின்றுவிடுகின்றது. நிறைந்த கூடும், நிறைந்த பானையும், மேலே ஒரு சாம்பற் படையும் அதன் வழியை அடைத்துவிட்டன. வண்டுக்கு இந்தக் காவல் அவ்வளவாகப் போதாது. அது வேறு கதை.

இன்று எமது குசினியில் நிறைந்த பானை எங்கே இருக்கின்றது? அரைவாசி தீர்ந்த மாப்பை ஒன்று, வாயை மடித்து றப்பர் வளையம் இட்ட பருப்புப் பை ஒன்று, வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்து எவரும் தொடாத கொட்டைப் பருப்பு ஒன்று, சென்ற வருடம் வறுத்த உளுத்தம்மா ஒன்று என்று பத்துப் பன்னிரண்டு சிறு பொதிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மேற்பரப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு திறந்த வாய். அந்துக்கு இதைவிட வாய்ப்பான உலகம் முன்னெப்போதும் இருந்ததில்லை.

இனி, எமக்கு இக்கட்டுரையை எழுதவேண்டும் என்ற எண்ணத்தைத் தந்த காரியத்தைச் சொல்லவேண்டும்.

ஓர் அறுவடைக்குப்பின், வன்னியிலே எமது உறவினர் ஒருவர் வீட்டில் இரண்டு நாள் தங்க நேர்ந்தது. முறையில் அவர் எமக்கு அத்தான். அறுவடை வேளையில் நெல்விலை விழுந்துகிடந்தமையால், இருபத்துநாலு மூடை நெல்லை விற்காமல் வீட்டு மண்டபத்திலேயே அடுக்கி வைத்திருந்தார். மூத்த மகளின் பல்கலைக்கழகச் செலவு முழுவதும் அந்த மூடைகளுக்குள்ளேதான் இருந்தது. நாம் சென்ற அன்றிரவு விளக்கடியில் நெல்லந்து புகைபோலப் பறந்தது. அத்தான் அலுமாரியிலிருந்து ஒரு கடுதாசிப் பொட்டலத்தை எடுத்துவந்தார். பட்டணத்தில் யாரோ ஒருவர் கொடுத்த மாத்திரைகள். உறையும் இல்லை, பெயரும் இல்லை.

"தம்பி, மூடைக்கு ஒண்டு வைச்சுப் படங்காலை மூடிவிட்டால் விடியமுன்னம் எல்லாம் செத்துப்போமாம்" என்றார்.

"பிள்ளைகள் எங்கே படுக்கிறவை, அத்தான்?"

"உந்த அறைக்கைதான். ஏன்?"

அந்த அறையின் சுவர் கூரையைத் தொடவில்லை. காற்றோட்டத்துக்காக மேலே இரண்டு முழம் வெளிவிட்டுக் கட்டிய சுவர் அது.

அந்த மாத்திரை அலுமினியம் பொசுபைட்டு என்பது பார்த்த அளவில் எமக்குப் புலனாயிற்று. காற்றிலுள்ள ஈரம் பட்டதும் அதிலிருந்து பொசுபீன் என்னும் வாயு எழுகின்றது. பெரிய களஞ்சியங்களில் தானியப் பூச்சியை ஒழிக்க உலகெங்கும் அதுவே வழங்குகின்றது. முன்னர் அதனோடு போட்டியிட்ட மெதயில் புரோமைட்டு, ஓசோன் படையைக் கெடுப்பதால் மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் விலக்கப்பட்டுவிட்டது. வளர்ந்த நாடுகளில் 2005உடனும், ஏனைய நாடுகளில் 2015உடனும், சில விதிவிலக்குகள் நீங்கலாக, அதன் காலம் முடிந்தது. ஆகவே பொசுபீனைக் குறைகூற நாம் வரவில்லை. அதைக் கையாளும் முறை வேறு. மனிதர் குடியிராத கட்டடம் வேண்டும். வாயு கசியாத விரிப்பு வேண்டும். அளந்துபார்க்கும் கருவியும் பயிற்சிபெற்ற ஆளும் வேண்டும். விடியுமுன் யாவும் சாகும் என்பதும் உண்மையன்று. முட்டையும் கூட்டுப்புழுவும் அவ்வாயுவை எளிதில் தாங்குவன. அவை மடியப் பல நாள் வேண்டும். மனிதனுக்கோ பல நாள் வேண்டியதில்லை. அதற்கென்று மாற்று மருந்தும் கிடையாது. உள்ளிப்பூண்டு போன்ற மணம் வந்தால் ஓடித் தப்பலாம் என்று சிலர் எண்ணுவர். அந்த மணம் எப்போதும் வரும் என்பதற்கு உறுதியில்லை. உறங்கும் பிள்ளைக்கு மணம் தெரிவது எங்ஙனம்?

அத்தான் உடனே இணங்கினார் என்று சொல்லமாட்டோம். "அப்ப இந்த நெல்லை என்ன செய்யிறது? அந்து தின்னட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறதோ?" என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. மகளின் படிப்பைப் பூச்சி தின்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும் தந்தைக்கு, நஞ்சின் குணத்தைச் சொன்னால் மட்டும் போதாது. அக்காதான் ஒரு வார்த்தையும் பேசாமல் பொட்டலத்தை எடுத்து, நீர் படாதபடி ஒரு போத்தலில் இறுக மூடி, வீட்டுக்கு வெளியே கொட்டிலின் உச்சியில் வைத்துவிட்டு வந்தார். காலையில் அது விவசாயப் போதனாசிரியரிடம் சேர்ந்தது.

மறுநாள் மூடைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தோம். எல்லாம் கெட்டுவிடவில்லை. சுவரோரம் இருந்த ஐந்து மூடைகளிலேயே சேதம் கடுமையாயிருந்தது. அவற்றுள் இரண்டு கோழிக்குப் போயின. மூன்றை உடனே அவித்துக் காயவைத்துக் குற்றுவித்தோம். மிஞ்சியதைக் கறுப்புப் படங்கின்மேல் மெல்லிதாகப் பரப்பி, மேலே தெளிந்த பொலித்தீனால் மூடி, உச்சி வெயிலில் விட்டோம். அந்த ஏற்பாட்டில் தானியம் 60 பாகை வெப்பத்தை அடைதல் கூடும்; ஒரு மணி நேரம் அந்தச் சூடு நின்றால் முட்டையும் புழுவும் மடிந்துவிடும். விதைநெல்லுக்கு மட்டும் இது ஆகாது. முளைக்கும் வலிமை கெடும். பின்னர் தூற்றி, நன்றாக ஆறவிட்டு, காற்றுப் புகாத தடித்த உட்பைகளில் இட்டுக் கட்டினோம். அடைபட்ட காற்றிலுள்ள பிராணவாயுவைத் தானியமும் பூச்சியும் சுவாசித்துத் தீர்த்தபின், எஞ்சிய பூச்சி தானாகவே மூச்சடங்கும். நஞ்சு ஒரு துளியும் வேண்டாம். மூடைகள் மண்டபத்துக்குத் திரும்பவில்லை. கொட்டிலில், நிலத்தில் படாமல், பலகையின்மேல் ஏறின. இரண்டு மாதத்தின் பின் அத்தான் விற்றார். எதிர்பார்த்த தொகை முழுவதும் கிடைத்தது என்று எழுத எமக்கும் ஆசைதான். கிடைக்கவில்லை. மகளின் அந்தத் தவணைக்கு மட்டும் போதுமாயிருந்தது.

நஞ்சைப்பற்றிச் சொன்னபோது, அந்துவிடமிருந்தே பெறப்பட்ட ஒரு மருந்தையும் சொல்லாமல் விடமுடியாது. ஐரோப்பிய மாலைகளில் தொல்லை கொடுப்பது இன்னோர் அந்து. அதன் புழு பின்னும் நூல், மா ஓடும் குழாய்களையும் அரிதட்டுகளையும் அடைத்து யந்திரத்தையே நிறுத்திவிடும். 1911ஆம் ஆண்டில் ஜேர்மனியின் துரிங்கியா நாட்டு மாலையொன்றிலிருந்து கிடைத்த நோயுற்ற புழுக்களை ஏர்ணஸ்ற் பேர்லினர் என்பவர் ஆராய்ந்து, அவற்றைக் கொன்ற பற்றீரியத்தைப் பிரித்தெடுத்தார். 1915இல் அந்நாட்டின் பெயரையே அதற்கு இட்டார். இதற்குப் பத்தாண்டு முந்தி, 1901இல், யப்பானில் இஷிவாத்தா என்பவர் அதே பற்றீரியத்தைப் பட்டுப்புழுக்களைக் கொல்லும் நோயிற் கண்டிருந்தார். பட்டுப்புழு வளர்ப்போனுக்கு யமனாய் வந்தது, மாலைக்காரனுக்கு நண்பனாயிற்று! இன்று உலகெங்கும் தோட்டப் பயிர்களின் புழுக்களுக்கு அப்பற்றீரியம் தெளிக்கப்படுகின்றது.

எமது அரிசியந்துக்கும் ஆய்வுகூடங்களிலே ஓர் உத்தியோகம் உண்டு. கரும்பு முதலிய பயிர்களின் துளைப்பான் முட்டைகளைத் தாக்கும் நுண்ணிய குளவியொன்றை வளர்ப்பதற்கு, அரிசியந்தின் முட்டைகளே இந்தியாவில் பெரிதும் பயன்படுகின்றன. முட்டைகளைத் திரட்டி, உயிர் வளராதபடி ஒளிக்கதிரால் தடுத்து, அட்டையில் ஒட்டிக் குளவிக்குக் கொடுப்பர். சிறிய அட்டையொன்றில் 10,000க்கு மேற்பட்ட முட்டைகள்! நாம் விளக்குமாற்றோடு துரத்தும் பூச்சியை, அங்கே சம்பளம் கொடுத்து ஆள்வைத்து வளர்க்கின்றனர்.

வீட்டுக்கு மீள்வோம். அலுமாரியைத் துப்புரவு செய்ய எண்ணுவோர் கவனிக்கவேண்டிய சில உள. நூல் கட்டிய மாவையும் தூளையும் சலித்துப் பயன்படுத்தாமல் வீசிவிடுதல் நன்று. புழுவில் நஞ்சு இல்லையாயினும், அதன் எச்சமும் தோலும் சிலருக்கு ஒவ்வாது. முழு மணி அரிசியானாற் புடைத்துக் கழுவிச் சமைக்கலாம். புதிதாக வாங்கிய மாவையும் பருப்பையும், இடம் இருப்பின், குளிர்சாதனப் பெட்டியின் உறைபனிப் பகுதியில் ஒரு கிழமை வைத்தெடுத்தால், சைபருக்குக் கீழ் 18 பாகைக் குளிரில் முட்டையும் மடியும். பின்னர் திருகுமூடிப் போத்தல் அல்லது இறுகும் பேணி. மூடியின் உட்புறத் திருகை ஊசியால் ஒருமுறை கிளறிப்பாருங்கள். புழு கூடுகட்ட உணவை விட்டு நீங்கி, மூடியின் இடுக்கையும், அலுமாரியின் ஆணித் துளையையும், சில வேளை கூரையின் மூலையையும் தேடிச் செல்வதுண்டு. ஒட்டும் பசையில் பெண் அந்தின் மணத்தை ஊட்டிய பொறிகள் இப்பொழுது விற்கப்படுகின்றன. 1971இல் அம்மணத்தின் இரசாயன அமைப்பு கண்டறியப்பட்டது. அவற்றில் அகப்படுவன ஆண் அந்துகள் மட்டுமே. பூச்சி இருக்கின்றதா என்று அறியப் பொறி உதவும், ஒழிக்க உதவாது.

இத்தனையும் செய்தபின்னும் சில நாட்களுக்கு ஒன்றிரண்டு பறக்கும். அதனால் மனம் தளரவேண்டாம். முன்னரே இடுக்குகளில் கூடுகட்டியவை அவை. எமது வெப்பத்தில் முட்டையிலிருந்து அந்தாவதற்கு ஏறத்தாழ 4 தொடக்கம் 6 கிழமை செல்லும். அந்தக் காலமும் கடந்து புதியவை வந்தால், திறந்து பாராத பொதியொன்று வீட்டில் எங்கேயோ இருக்கின்றது. எமக்குத் தெரிந்த வீடொன்றில் குசினி முழுவதையும் இரண்டு முறை கழுவியும் அந்து ஓயவில்லை. கடைசியில் அகப்பட்டது சுவாமி அறையில். தைப்பொங்கலன்று நிறைகுடம் வைக்கப் பரப்பிய அரிசியை, காலிற் படக்கூடாதென்று ஒரு வெள்ளைத்துணியில் முடிந்து, படங்களின் பின்னால் வைத்திருந்தார்கள். அப்போது ஆவணி மாதம்.